ஒட்டன்சத்திரத்தில் ஒரு சொட்டு ஆயில்

“அப்பா, நம்ம வண்டி ஒண்ணுக்குப் போயிருக்கு!”

மகள் சொன்னதும் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, வண்டியை நிறுத்தி. அதற்குள் இன்ஜினுக்குக் கீழே, சிமென்ட் தரையில், எட்டணா அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். பக்கத்திலேயே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சொட்டு விழுந்தது.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்தால் பைக்கில் கொடைக்கானல் கூட்டிப்போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்கு எல்லோரும் போகிற வழி வத்தலக்குண்டு. நாங்கள் திண்டுக்கல்லில் இருந்து பழனி சாலையைப் பிடித்து ஒட்டன்சத்திரம் வந்தோம். இங்கே ஓர் இரவு தங்கி, காலையில் வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி என்று மலையின் பின்வாசல் வழியாக ஏறுவது திட்டம். கூட்டம் இல்லாத, காடும் தோட்டமுமான பாதை. கூட்டம் இல்லாத பாதையில் வண்டி நின்றால் உதவிக்கும் ஆள் இருக்காது என்பது அந்த மூன்றாவது சொட்டு விழுந்தபோதுதான் உறைத்தது.

வீட்டுக்கு போன் போட்டேன். “வண்டியை அங்கேயே விட்டுட்டு ரெண்டு பேரும் பஸ்ல வந்து சேருங்க” என்று உத்தரவு வந்தது. “காலையில் பார்த்துச் சொல்றேன்” என்று சமாளித்து வைத்தேன்.

சொட்டு சொல்லும் சேதி

வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது என்ன?’ என்பதுதான். ஏ.சி. பஸ்ஸின் தண்ணீர்கூட பக்கத்தில் சிந்தியிருக்கலாம். விரலில் தொட்டுப் பார்த்தேன். பெட்ரோல் என்றால் வாசனையே காட்டிக்கொடுக்கும், சீக்கிரம் உலர்ந்தும் போகும். பிரேக் ஆயில் நீர்த்தும் வெளுத்தும் இருக்கும். முன் ஃபோர்க்கில் இருந்து ஒழுகினால் முன் சக்கரத்தின் பக்கம் ஈரம் தெரியும். இது கருமையாக, வழவழவென்று, கொஞ்சம் கருகிய வாசனையோடு இருந்தது. சந்தேகமே இல்லை, இன்ஜின் ஆயில்.

அடுத்த கேள்வி, ‘எவ்வளவு போயிருக்கிறது?’ வண்டியை மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் பொறுத்து, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடி வட்டத்தைப் பார்த்தேன். காலையில் திருச்சியில் பார்த்தபோது இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது. இப்போது கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இவ்வளவு. என்னுடைய 350 சி.சி. வண்டி ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆயிலை நம்பித்தான் ஓடுகிறது. அது தீர்ந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிடும். சரிவான சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

கீழே டிரெயின் போல்ட் நனைந்திருந்தது. பத்து நாளுக்கு முன் வீட்டில் நானே ஆயில் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டது நினைவுக்கு வந்தது. ‘அதுதான்!’ என்று முடிவு செய்து, டூல்ஸ் பையை அவிழ்த்து ஸ்பேனரை மாட்டினேன்.

“தம்பி, அதுல கை வைக்காதீங்க!”

எதிர்ப்புறம் பட்டறை போட்டிருந்த மெக்கானிக் அண்ணன் சாலையைக் கடந்து வந்தார். அறுபது வயது இருக்கும். இடுப்பில் சொருகிய துணி, காதில் பென்சில்.

“சூடா இருக்கிற அலுமினியத்துல போல்ட்டை இறுக்கினா மரை போயிரும். அப்புறம் ஆயிலெல்லாம் ரோட்டுலதான். எங்க ஈரமா இருக்குங்கறதைப் பாக்காதீங்க. எங்க இருந்து ஈரம் ஆரம்பிக்குதுங்கறதைப் பாருங்க.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு டீ வாங்கித் தரலாம், வாங்கியும் தந்தேன். ஆயில் எப்போதும் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடம் கடைசி இடம். கசிவின் மூலம் அதற்கு மேலேயும் முன்னாலேயும் இருக்கும். டிரெயின் போல்ட் இன்ஜினின் அடிமட்டத்தில் இருப்பதால், எங்கே கசிந்தாலும் பழி அதன் மேல்தான் விழும்.

பவுடர் டப்பா வைத்தியம்

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். சூடான இன்ஜினை பெட்ரோல் துணியால் துடைப்பது தீயோடு விளையாடுவது. ஆறிய பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மேலிருந்து கீழாக மொத்தத்தையும் துடைத்தார் அண்ணன். டேப்பட் கவர், சிலிண்டர் ஹெட் இணையும் இடம், கிளட்ச் கவர், ஃபில்டர் மூடி, கியர் லீவர் நுழையும் இடம் என்று ஒவ்வொன்றாக மகள் செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

“பாப்பா, பையில முகத்துக்குப் போடுற பவுடர் இருக்கா?”

இருந்தது. துடைத்துக் காய்ந்த இன்ஜின் மேல் திருநீறு பூசுவதுபோல அண்ணன் பவுடரைத் தூவினார். முன் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் கவரையும் கழற்றி, அதற்குள்ளும் துடைத்துத் தூவினார். இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலில் ஐந்து நிமிடம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. பிரீதர் ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்றும் பார்த்தார். இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேறும் வழி அது. அது அடைத்தால் நல்ல சீலைக்கூடத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். ஹோஸ் சரியாகத்தான் இருந்தது.

பிறகு மெயின் ஸ்டாண்டிலேயே முதல் கியர் போட்டு, பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டார். “யாரும் செயின் பக்கம் கை கொண்டு வரக் கூடாது” என்று எங்களைத் தள்ளி நிற்கவைத்துவிட்டுத்தான் செய்தார். இரண்டு நிமிடம். “அந்தா!” என்றாள் மகள். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால், ஷாஃப்ட் இன்ஜினை விட்டு வெளியே வருகிற இடத்தில், வெள்ளைப் பவுடரில் ஒரு பழுப்புக் கோடு. கோடு தடித்தது. கீழே இறங்கி டிரெயின் போல்ட்டை நோக்கிப் போனது.

இன்ஜினின் சக்தியைச் செயினுக்குக் கொண்டுவரும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் ஆயில் சீல். ஷாஃப்ட் சுற்றலாம், ஆயில் வெளியே வரக் கூடாது என்று காவல் நிற்பது அதன் வேலை. அது தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் எப்போதும் செயினுக்குப் போடும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பதால், நான் பல நாளாக அதைச் சட்டை செய்யவே இல்லை.

அண்ணன் அடுத்து செய்ததுதான் என் வயிற்றைக் கலக்கியது. பின் டயரின் இடது ஓரத்தில் விரலை இழுத்து என் முன்னால் நீட்டினார். விரல் பளபளத்தது.

“செயின் வழியா வீசி இங்க வந்திருக்குங்க. நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. மலையில இடது பக்க வளைவுல சாய்ப்பீங்கல்ல, அப்ப ரோட்டைத் தொடுறது இந்த ஓரந்தான்.”

பின்னால் உட்கார்ந்து வரப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

“எம்-சீல் போட்டு அடைச்சிட்டா கொடைக்கானல் வரைக்கும் தாங்குமாண்ணே?”

“அசையாத இடத்துல விரிசல்னா ஒட்டலாம். சுத்துற ஷாஃப்ட்டுல எதைத் தம்பி ஒட்டுவீங்க? காலையில வாங்க. சீலை மாத்திரலாம்.”

இரவில் விழித்திருக்கும் ஊர்

வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு நடந்தோம். பெயரிலேயே சத்திரத்தை வைத்திருக்கும் ஊர் இது, வழிப்போக்கர்களுக்குப் பழகிய ஊர். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். காய்கறி மார்க்கெட் தமிழகத்தின் பெரிய மார்க்கெட்டுகளில் ஒன்று. அம்பிளிக்கை, கள்ளிமந்தயம், இடையகோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் விளைவதெல்லாம் இங்கே வந்து குவிகிறது. கேரளத்தின் சாம்பாருக்கும் அவியலுக்கும் இங்கிருந்துதான் லாரி லாரியாகக் காய் போகிறது.

முருங்கைக்காய்க் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தக்காளிப் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓட, “ஓரம், ஓரம்” என்று இன்னொருவர் வழி விலக்கினார். ஏற்றி முடித்த லாரி ஒன்றின் டிரைவர், கிளம்புவதற்கு முன் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். மகள் என்னை இடித்தாள். “அவரும் சொட்டுதான்னு பாக்குறாரு.” தினமும் மலையைத் தாண்டுகிறவர்களுக்கு அது பழக்கம். எனக்கு அன்றுதான் பாடம்.

பேரிங் கடையில் கிடைத்த பொக்கிஷம்

காலையில் பட்டறைக்குப் போனபோது இன்ஜின் முழுதாக ஆறியிருந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகளை, செயினைத் தளர்த்துவதற்கு முன்பே கழற்ற வேண்டுமாம். ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தால்தான் ஸ்ப்ராக்கெட் சுற்றாமல் நிற்கும். மகள் பிரேக்கை மிதித்தாள், அண்ணன் கழற்றினார். பிறகு பின் சக்கரத்தின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினை இறக்கினார்.

முதல் வேலையாக ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஆடினால் உள்ளே பேரிங்கே போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜினைப் பிரிக்க வேண்டும், பயணம் அவ்வளவுதான். “ஆடலைங்க. சீலோட போச்சு.”

முனை வளைத்த ஸ்க்ரூ டிரைவரால், ஷாஃப்ட்டிலும் உட்கூட்டிலும் கீறல் விழாமல் பழைய சீலை நெம்பி எடுத்தார். அதன் முகத்தில் பொடி எழுத்தில் மூன்று எண்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். உதாரணத்துக்கு 30-42-7 என்று இருந்தால், 30 மி.மீ. ஷாஃப்ட்டுக்கும் 42 மி.மீ. குழிக்கும் பொருந்தும் 7 மி.மீ. வளையம். இந்த எண்கள் தெரிந்தால் வண்டிக் கம்பெனியின் பெயரே தேவையில்லை.

“இங்க இதுக்கு ஷோரூம் இருக்காண்ணே?” என்று கேட்டேன்.

“ஷோரூம் எதுக்குங்க? பேரிங் கடைக்குப் போங்க. டிராக்டரும் மோட்டாரும் ஓடுற ஊரு இது. சீல் இல்லாமப் போகுமா?”

விவசாய ஊரில் பைக் பழுதானால் கிடைக்கிற அனுகூலம் இது. கிணற்று மோட்டார், பவர் டில்லர், டிராக்டர் எல்லாவற்றிலும் ஷாஃப்ட் சுற்றுகிறது. எல்லாவற்றிலும் சீல் இருக்கிறது. கடைக்காரர் எண்களைப் பார்த்து, நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஒன்றை இழுத்து, இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். விலை, நானும் மகளும் காலையில் சாப்பிட்ட டிபனை விடக் குறைவு.

இந்தச் சின்ன வளையத்துக்குப் பெரிய கதை உண்டு. ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம் இருந்தது. 1929-ல் அங்கே வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர் உருவாக்கிய ஷாஃப்ட் சீல் தோலால் ஆனது. ‘சிம்மர் வளையம்’ என்று அவர் பெயராலேயே அது உலகமெங்கும் பரவியது. செயற்கை ரப்பருக்கு மாறியது 1930-களில்தான். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்போன திண்டுக்கல்லைக் கடந்து வந்த எங்களுக்கு, ஒரு தோல் தொழிற்சாலையில் பிறந்த பொருள்தான் இங்கே கைகொடுத்தது என்பதில் ஒரு சந்தோஷம்.

புதுச் சீலைப் பொருத்துவதில்தான் கைப்பக்குவம். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினார். ஷாஃப்ட்டின் பல்லில் பட்டு ரப்பர் கிழியாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். சின்ன ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே, அதாவது ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். சீலின் அளவுக்கே உள்ள பாக்ஸ் ஸ்பேனரை வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும்படி மெல்லத் தட்டினார். பழைய சீலின் உதடு உராய்ந்த இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்ததால், புது உதடு அதே தடத்தில் உட்காராதபடி ஒரு முடி அளவு வெளியே நிறுத்தினார்.

குற்றவாளி யார்?

“சீல் போனதுக்குக் காரணம் என்ன தெரியுங்களா?” என்று செயினைத் தூக்கிக் காட்டினார். “நேத்து வண்டி வந்தப்ப செயின் கம்பி மாதிரி இருந்துச்சு. யாரு இறுக்கினது?”

நான்தான். ஆயில் மாற்றிய அதே நாளில், நீண்ட பயணமாயிற்றே, செயின் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்று, மெயின் ஸ்டாண்டில் வைத்து ஆட்டமே இல்லாமல் இறுக்கினேன். ஆள் ஏறாத வண்டியில் அது சரிபோலத்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு பேரும் மூட்டை முடிச்சும் ஏறியதும் பின் சஸ்பென்ஷன் அமுங்கும். அப்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரம் கூடும். செயின் நீளாது. ஆகவே ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஷாஃப்ட்டைப் பின்னால் இழுக்கும். ஏற்கெனவே வயதான சீலின் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இடைவெளி விழுந்து, ஆயில் வழி கண்டுபிடித்துவிட்டது.

இந்த முறை எங்களை வண்டியில் உட்காரவைத்துவிட்டுத்தான் செயினின் ஆட்டத்தை அளந்தார். எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் கையேட்டிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ எழுதியிருக்கும். அதுவரை என் வண்டியின் ஸ்டிக்கரை நான் படித்ததே இல்லை.

டிரெயின் போல்ட்டின் பழைய வாஷருக்கும் விடை கொடுத்துப் புதியது போட்டார். பழைய ஆயிலை இறக்கி, அதே கிரேடு ஆயிலைக் கோடு பார்த்து ஊற்றினோம். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, அதிகமானாலும் அழுத்தம் கூடிக் கசியும். கடைசியாகப் பின் டயர். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பிரஷ்ஷும் கொடுத்து, “இதை நீங்களே தேய்ங்க” என்றார். ஓரம் ஓரமாகத் தேய்த்தேன். விரல் வைத்தால் வழுக்காமல் நிற்கும்வரை தேய்த்தேன். பிரேக் டிஸ்க்கில் ஆயில் தெறித்திருக்கிறதா என்று பார்த்துத் தனியாகச் சுத்தம் செய்தோம்.

விருப்பாட்சியில் ஒரு பரீட்சை

“உடனே மலை ஏறாதீங்க. விருப்பாட்சி வரைக்கும் போயிட்டு வாங்க” என்று அனுப்பினார் அண்ணன். பழனி சாலையில் பக்கத்தில் இருக்கும் ஊர்தான். பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர். 1772-ல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இங்கேதான். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மணிமண்டபத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, அடியில் பழைய நாளிதழை விரித்தோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது செய்திகள் மட்டுமே கறுப்பாக இருந்தன.

திரும்பி வந்து அண்ணனுக்குக் காகிதத்தைக் காட்டினோம். கூலியை வாங்கிக்கொண்டவர், “கண்ணு, நிக்கிற இடத்துலயெல்லாம் இதை விரிச்சுப் பாரு. அப்பா மறந்துருவாரு” என்று மகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

மதியம் கிளம்பினோம். வடகாட்டைத் தாண்டிப் பரப்பலாறு அணையின் பக்கம் ஏறும்போது காற்றின் சூடு குறைந்தது. பாச்சலூரை நெருங்க நெருங்க காப்பிச் செடிகளும், மரங்களில் ஏறிய மிளகுக் கொடியும், இடையிடையே மலை வாழையும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விருப்பாட்சி வாழை இந்த மலையின் சொத்து. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும். முடிக்கொத்து நோய் வந்து பெருமளவு அழிந்த பிறகும் மிச்சமிருக்கும் மரங்கள் அவை. சாலையோரம் ஓர் அம்மாவிடம் ஒரு சீப்பு வாங்கினோம். சின்னப் பழம், தடித்த தோல், தேன் ருசி.

இடது பக்கக் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் என் முதுகில் கை இறுகுவதை உணர்ந்தேன். நானும் இறுகித்தான் இருந்தேன். நான்கைந்து வளைவு கடந்தபின் இருவருக்குமே பிடி தளர்ந்தது. டயர் சாலையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

தாண்டிக்குடியில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. டீக்கடை முன் வண்டியை நிறுத்தியதும், நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மகள் குனிந்து காகிதத்தை விரித்துவிட்டாள். டீ வந்தது, குடித்தோம், இன்னொன்று சொன்னோம். காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு போன் போடுப்பா. பஸ் வேணாம்னு சொல்லு.”